கச்சான் காற்றில் மூன்று சைக்கிள்கள்

"வெள்ளிக்கிழம இங்கருந்து கெளம்புதோம். ஞாயித்துக்கிழம கொல்லத்துல நிக்கோம். நடுவுல எவளும் லாரிய மறிச்சு ஏறப்பிடாது" என்றாள் மெற்றில்டா.

மொட்டைமாடியில் விரித்த வரைபடத்தின் நான்கு மூலைகளிலும் செருப்புகளை வைத்திருந்தார்கள். அப்படியும் ஆடிக்காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது.

தூத்துக்குடிக் கடலிலிருந்து மலை தாண்டி மேற்குக் கடலுக்குச் சைக்கிள் பயணம்! கல்லூரி நாளிலிருந்து மூன்று தோழிகளும் பேசிப் பேசித் தள்ளிப்போட்டது. இனித் தள்ளிப்போட வழியில்லை. அடுத்த திங்கட்கிழமை மெற்றில்டா வேலையில் சேரப் புனேவுக்குக் கிளம்புகிறாள். இந்த மூன்று நாளை விட்டால் மூவரும் சேர்ந்து போவது நடக்காது.

"மல கடைசி நாள்லயா வருது? அதுக்குள்ள காலு செத்துருக்கும்ட்டி" என்றாள் ஜெசிமா. பஞ்சர், பிரேக் எல்லாம் அவள் பொறுப்பு.

"குற்றாலத்துச் சாரல்ல நனைஞ்சா செத்த காலுக்கும் உசுரு வந்துரும்" என்றாள் இசக்கி. சாப்பாடும் தங்குமிடமும் அவளுடையவை. யாரும் கேட்காமலே இன்னொன்றையும் செய்திருந்தாள். "ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சு. 'தூத்துக்குடி முதல் கொல்லம் வரை'. கொடியசைக்கக் கவுன்சிலர் வாறாரு."

"கெளம்புறதுக்கு முன்னாலயேவா?"

"போயிட்டு வந்தபெறகு அடிச்சா எவன் பாப்பான்?"

மறுநாள் சுமையோடு வெள்ளோட்டம் விட்டார்கள். மேற்கே வாகைக்குளம் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். ஊர் எல்லை தாண்டியதும் பெடல் கல்லாய்க் கனத்தது. ஜெசிமா இறங்கி, பிரேக் உரசுகிறதா என்று மூன்று வண்டிகளையும் சோதித்தாள். எதுவும் உரசவில்லை. வாகைக்குளம் போய்ச் சேர்ந்தபோது இசக்கி ரோட்டோரமே படுத்துவிட்டாள்.

திரும்பும்போதோ பறந்தார்கள்! "பாத்தியளா, ஒரே நாள்ல பழகிட்டோம்" என்று இசக்கி கையை விட்டுவிட்டு ஓட்டினாள்.

மெற்றில்டா சிரிக்கவில்லை. மிதிப்பதை நிறுத்திப் பார்த்தாள். சைக்கிள் வேகம் குறையவில்லை. கச்சான்! மலைக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வீசும் காற்று. அப்பா கடலுக்குப் போகும் வீட்டில் தினமும் அதே பேச்சு. ஆனால் அது படகுக்காரர்கள் கவலை என்று இருந்துவிட்டாள். ரோட்டில் போகிறவர்களுக்கும் அதே காற்றுதான் என்று தோன்றவே இல்லை.

"திட்டத்த மாத்தணும். கொல்லத்துலருந்து இங்க வாறோம்" என்றாள்.

இசக்கியின் முகம் சுருங்கியது. "கவுன்சிலர்ட்ட என்ன சொல்ல? தெருவே சிரிக்கும்ட்டி."

"காத்துல மோதிப் பாதி வழியில திரும்புனா இன்னும் சத்தமாச் சிரிக்கும்."

இசக்கி கோபத்தில் முன்னால் மிதித்துப் போய்விட்டாள். வியாழக்கிழமை தானாகவே பையோடு வந்து நின்றாள். மெற்றில்டாவின் மாமா ரெமிஜியூஸ் தன் மீன் வண்டியில், ஐஸ் பெட்டிகளுக்கு மேல் சைக்கிள்களைக் கட்டி, மூவரையும் கொல்லத்தில் கொண்டுபோய் விட்டார்.

வெள்ளிக்கிழமை ரப்பர் காடுகளைக் கடந்து மலையடிவாரம் சேர்ந்தார்கள். சனிக்கிழமை ஏற்றம். மழை வெளுத்து வாங்கியது. ஆரியங்காவுக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே மரம் விழுந்து வாகனங்கள் வரிசையாக நின்றன. மூவரும் சைக்கிள்களைத் தோளில் தூக்கி, கிளைகளுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் குதித்தார்கள்.

உச்சி தாண்டியதும் காற்று முதுகில் அறைந்தது. வளைந்து வளைந்து இறங்கும் ஈர ரோடு. முன்னால் போன இசக்கியின் பிரேக் கம்பி பட்டென்று அறுந்தது. காலைத் தரையில் தேய்த்துத் தடுப்புச் சுவரில் மோதி நின்றாள். அதற்கப்பால் பள்ளம்!

மாற்றுக் கம்பி இருந்தது. ஆனாலும் ஜெசிமா, "கம்பிய மாட்டுதேன். ஆனா இறக்கம் முடியுற வரைக்கும் தள்ளிட்டுத்தான் போறோம்" என்றாள்.

"நேரம் போயிரும்டி. நாளைக்குள்ள சேரணும்" என்றாள் மெற்றில்டா.

"மூணு பேரும் சேரணும்."

மெற்றில்டா இறங்கித் தள்ளினாள். புளியரை வந்தபோது இருட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே புறப்பட்டார்கள். ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. இழந்த நேரத்தைக் கச்சான் திருப்பிக் கொடுத்தது. பொழுது சாயும் நேரத்தில் சைக்கிள்கள் தூத்துக்குடிக் கடற்கரை மணலில் இறங்கின. மூவரும் உடுப்போடு கடலில் விழுந்தார்கள்.

பிள்ளைகளுக்குச் சுண்டல் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் சேறு படிந்த சைக்கிள்களைப் பார்த்து, "எங்கருந்தும்மா வாறீய?" என்றார்.

"கொல்லத்துலருந்து."

"ஏன், பஸ்சு கெடைக்கலியா?"

தெரு சிரிக்கும் என்று பயந்த இசக்கிதான் பதில் சொன்னாள்.

"பஸ்சு இருந்துச்சு அண்ணாச்சி. காத்தும் இந்தப் பக்கந்தான் வந்துச்சு. அதுலயே ஏறிட்டோம்."

மெற்றில்டா உப்புத் தண்ணீரைத் துப்பித் துப்பிச் சிரித்தாள். இனிப் புனேவுக்குப் போகலாம்.