அமைதி வேளையில் அடிக்காத மணி

படகு துறையை நெருங்கும்போதே தீவிலிருந்து கூச்சல் கேட்டது.

"திரும்பி வந்துட்டீங்க!"

துறைமேடையில் விடுதிப் பணியாளர்கள் நின்று, வாயருகே கையைக் குவித்துக் கத்தினார்கள். ஹாலட் தீவில் நடக்கிற தேவாலய மாநாட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒவ்வொரு கோடையிலும் இதே வரவேற்புதான். படகில் இருப்பவர்கள் "வந்துட்டோம்!" என்று பதில் கொடுக்க வேண்டும். வாரம் முடிந்து கிளம்பும்போது கரை "திரும்பி வருவீங்க!" என்று கத்தும், படகு "திரும்பி வருவோம்!" என்று கத்தும். ஊரில் கோட்டும் சூட்டுமாக விறைப்பாக நடக்கிற வக்கீல்களும் பேராசிரியர்களும் இங்கே தொண்டை கிழியக் கத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

நெட்டி ஃபேர்பிரதர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பின்பெஞ்சில் தனியாக உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டோம்."

குரல் அவள் தோளை ஒட்டி வந்தது. கரகரத்த குரல்.

திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. பெஞ்சுப் பலகையில் மட்டும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஈரம் இருந்தது. அலை தெறித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

முன்வரிசையிலிருந்து மாநாட்டுத் தலைவர் எல்வுட் ட்ராஸ்க் எழுந்து, தொப்பியை ஆட்டினார். "ஆகா, நெட்டி! நீங்களும் பதில் குடுத்துட்டீங்களே! கோபமெல்லாம் போயிடுச்சுன்னு தெரியுது."

"என் கோபம் எங்கயும் போகல, எல்வுட். டிக்கெட் எடுத்துக்கிட்டு என்கூடவே வந்திருக்கு."

அவர் சிரித்தார். சிரித்தே எதையும் மழுப்பிவிடுகிற ஆள்.

கோபத்துக்குக் காரணம் நெட்டியின் அக்கா லெட்டி. முந்தின கோடையில், மாநாட்டு வாரத்தில், லெட்டி தீவின் கிழக்குப் பாறைகளுக்குத் தனியாக நடக்கப் போனாள். திடீரென்று மூடுபனி இறங்கியது. மூடுபனி வந்தால் விடுதி வாசலில் தொங்குகிற பெரிய மணியை அடிக்க வேண்டும். வெளியே இருப்பவர்கள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்வார்கள். தீவுக்கு ஆள் வந்த நாளிலிருந்து இருக்கிற முறை அது. லெட்டி வந்து சேரவில்லை. மறுநாள் கடல் அவளைக் கொண்டுவந்து போட்டது.

கடையை விட்டு வர முடியாமல் அந்த வருடம் ஊரிலேயே இருந்த நெட்டி, அக்காவின் சவப்பெட்டியை எடுத்துப்போகத்தான் தீவுக்கு வந்தாள். பெட்டியோடு படகு கிளம்பியபோது எல்வுட் துறைமேடையின் ஓரத்துக்கு வந்து, தொப்பியை ஆட்டி, உருக்கமாகக் கத்தினார்: "திரும்பி வருவீங்க, லெட்டி!" கூட நின்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள். இழவு வீட்டில் 'போயிட்டு வரேன்' என்றுகூடச் சொல்லக் கூடாது என்பார்கள். இவர்கள் பிணத்தையே வா என்று அழைத்தார்கள். படகோட்டிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஈர மண் போட்டு மூடியபின், விபத்து, யார் என்ன செய்ய முடியும் என்றுதான் நெட்டியும் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள். இந்த மார்ச்சில்தான் உண்மை வந்தது. கோடை மாநாட்டுக்குக் குளிர்காலம் முழுவதும் தேவாலய நிலவறையில் ஏற்பாட்டுக் கூட்டம் நடக்கும். அக்காவின் இடத்தில் நெட்டியைக் குழுவில் சேர்த்திருந்தார்கள். கூட்டம் முடிந்து காபிக் கோப்பைகளைக் கழுவும்போது, அறை ஒதுக்குகிற ஃபிலிஸ் விம்மினாள்.

"என்னடி?"

"மனசுல வச்சுக்க முடியல, நெட்டி. அன்னைக்கு மணி அடிக்கல. நான் பக்கத்துலதான் நின்னேன். அமைதி வேளை முடியட்டும், அதுக்கப்புறம் அடிக்கலாம்னு எல்வுட் கயிறப் பிடிச்சுக்கிட்டார்."

அமைதி வேளை என்பது மாநாட்டின் உயிர்நாடி. மாலையில் எல்லாரும் கல் தேவாலயத்தில் கண்மூடி உட்காருவார்கள். தீவில் ஒரு கரண்டி விழுந்த சத்தம்கூடக் கேட்கக் கூடாது. விடுதி வாசலில் நின்று அந்த அமைதியைக் காவல் காப்பது தலைவர் வேலை. கேடுகெட்ட அமைதி! அவர் காவல் காத்த அழகில் ஓர் உயிர் போய்விட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் நெட்டி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "மணி அடிக்கலன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அவ தப்பில்லன்னு சொல்லுங்க." ஒவ்வொரு கூட்டத்திலும் எல்வுட் தலையை ஆட்டி, மாநாட்டின் மனநிலை கெட்டுவிடும் என்றார். கடைசியில் லெட்டி பெயரில் பாறைமேட்டில் ஒரு பெஞ்சு போடுவதாகத் தீர்மானம் போட்டார்கள். இந்த வருட மாநாட்டுத் தலைப்பு, 'காது கொடுத்துக் கேட்டல்'.

விடுதியில் நெட்டிக்குக் கொடுத்திருந்தது மாடியில் கடலைப் பார்த்த இரட்டைக் கட்டில் அறை. அக்காவும் தங்கையும் எப்போதும் தங்குகிற அறை.

"ஒத்தக் கட்டில்தானே கேட்டிருந்தேன், ஃபிலிஸ்?"

"அப்புறம் போன் பண்ணி மாத்தினியே?"

"நானா?"

"ரெண்டு பேருன்னு சொன்னே. குரல் கரகரன்னு இருந்துச்சு. சளி பிடிச்சிருக்குன்னு நெனச்சேன்." சொல்லி முடிப்பதற்குள் ஃபிலிஸின் முகம் வெளுத்தது. "நீ பண்ணலையா?"

நெட்டி உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலையில் எழுந்தபோது அறையில் அழுகிய கடற்பாசி வாடை. பக்கத்துக் கட்டிலின் விரிப்பு நனைந்திருந்தது. தலை வைத்த இடத்தில் தலையணை குழிந்து, குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்; உப்பு. விரிப்பை மாற்றினாள். அடுத்த காலையும் அப்படியே இருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் அன்றே படகு பிடித்திருப்பாள். நெட்டிக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முந்தியது. ஈரக் கட்டிலைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு சண்டைக்கு நின்றாள்.

"என்கிட்ட வந்து என்னக்கா படுத்துக் கெடக்கே? போக வேண்டிய ரூமு கீழ இருக்கு. அவருகிட்டப் போயி உன் நியாயத்தக் கேளு."

லெட்டி நியாயம் கேட்கத் தெரியாதவள். யாரையும் மரியாதை குறைத்துப் பேச மாட்டாள். விடுதிப் பூனையைக்கூட 'வாங்க, போங்க' என்பாள். அவள் வெளியாள் யாரையும் 'நீ' என்று அழைத்துக் கேட்டவர்கள் இல்லை.

பெஞ்சுத் திறப்பு வியாழக்கிழமை மதியம் நடந்தது. நல்ல வெயில். எல்லாரும் வட்டமாகக் கைகோர்த்து நின்றார்கள். எல்வுட் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"நாம மணி அடிச்சோம். அடிச்சுக்கிட்டே இருந்தோம். ஆனா லெட்டிக்குத் தனியா அலையற சுபாவம். கடல் அவங்கள அன்பா அழைச்சுக்கிச்சு."

"பொய்!" நெட்டி கைகளை உதறினாள். "மணி அடிக்கல. நீங்கதான் அடிக்க விடல. ஃபிலிஸ், சொல்லுடி!"

ஃபிலிஸ் குனிந்து செருப்பைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவர் நெட்டியின் முதுகைத் தடவி, துக்கம் ஒவ்வொருத்தரிடமும் ஒவ்வொரு மாதிரி வெளிப்படும் என்றார். யாரோ கித்தாரை மெல்ல மீட்ட, எல்லாரும் கண்மூடி ஒரு பாட்டை முனக ஆரம்பித்தார்கள். அத்தனை நல்லவர்கள்! ஒருத்தருக்காவது, அடிச்சீங்களா இல்லையா என்று கேட்க நாக்கு எழவில்லை. அந்த நிமிடத்தில் நெட்டியின் மனசுக்குள் 'அவர்' என்பது 'அவன்' ஆயிற்று.

மாலையில் கூட்டம் அமைதி வேளைக்குத் தேவாலயத்துக்குப் போனது. நெட்டி போகவில்லை. புது பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

நிமிர்ந்தபோது கடல் இல்லை.

பாறைகளும் இல்லை. வெள்ளைப் பனி தரையோடு நகர்ந்து வந்து அவள் முழங்காலை மூடியது. பறவைச் சத்தம் நின்றுபோயிருந்தது. நெட்டி கல்லும் புல்லுமாகத் தடவித் தடவி விடுதிப் படியை வந்தடைந்தாள்.

வாசலில் எல்வுட் நின்றிருந்தான். கையில் மணிக்கயிறு. தூண் ஓரம் ஃபிலிஸ்.

"மணி அடி."

மரியாதை போனதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. உதட்டில் விரலை வைத்தான். "உஷ்! எல்லாரும் உள்ளதான் இருக்காங்க. இன்னும் கொஞ்ச நேரம், வேள முடிஞ்சிடும்."

"போன வருஷமும் இதையேதானடா சொன்னே?"

அப்போது பாறைப் பக்கமிருந்து கேட்டது.

"எல்வுட்..."

ஃபிலிஸ் நெட்டியின் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் ஐஸாக இருந்தன.

"எல்வுட், எந்தப் பக்கம்ங்க?"

மரியாதையான குரல். கரகரத்து, வாய்க்குள் தண்ணீர் இருப்பதுபோல் குழறிய குரல்.

"மணிய அடிங்களேன். வழி தெரியலங்க."

"அடிங்க, எல்வுட்!" ஃபிலிஸ் கிசுகிசுத்தாள். "கர்த்தரே... அடிங்க!"

அவன் கயிற்றை இழுத்தான்.

சத்தமே வரவில்லை.

மறுபடி இழுத்தான். தலைக்கு மேல் மணி ஆடியது. நாக்கு இரண்டு பக்கமும் மோதுவது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் சத்தம் இல்லை. அவன் வெறிபிடித்தவனாக இழுத்தான். மணியின் வாயிலிருந்து தண்ணீர் சொட்டி, கயிறு வழியாக இறங்கி, அவன் சட்டைக் கைக்குள் ஓடியது.

முதல் படியில் ஈரக்கால் வைக்கும் சத்தம்.

அடுத்த படியில்.

வாசலில் வரிசையாகக் கிடந்த ஆடுநாற்காலிகளில் ஓரத்து நாற்காலி ஆடத் தொடங்கியது. அதன் பலகையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எந்தப் பக்கம்ங்க, எல்வுட்?"

எல்வுட் அலறினான். தீவின் அத்தனை வருட அமைதியும் அந்த அலறலில் கிழிந்தது. "நான்தான் பிடிச்சுக்கிட்டேன்! நான்தான் மணிய அடிக்க விடல! நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு, லெட்டி. ரொம்ப நேரம் கூப்பிட்டீங்க. கேட்டுக்கிட்டேதான் நின்னேன்!"

கூப்பிட்டதே கேட்டிருக்கிறது. ஃபிலிஸ்கூட இதைச் சொன்னதில்லை. நெட்டி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அடிக்கக் கை ஓங்கினாள். தேவாலயத்திலிருந்து விளக்குகளோடு ஓடிவந்தவர்கள் படிக்குக் கீழே நின்றார்கள். எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. இந்தத் தடவை முனகுவதற்கு யாருக்கும் பாட்டு கிடைக்கவில்லை.

எல்வுட்டின் கையிலிருந்து கயிறு நழுவியது.

மணி அடித்தது.

கயிற்றைத் தொட ஆளில்லாமல், பனி விலகும்வரை அடித்துக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நடந்ததை விசாரிக்க ஒரு துணைக்குழு போடலாம் என்று காலை உணவின்போதே பேச்சு எழுந்துவிட்டது. இவர்கள் எந்த வெள்ளத்திலும் குழு போட்டுத்தான் நீந்துவார்கள். படகில் எல்வுட்டுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நெட்டி அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, தன் பக்கத்தில் ஓர் இடம் விட்டாள்.

"வாக்கா. நீ கேட்க வேண்டியதக் கேட்டாச்சு. வீட்டுக்குப் போலாம்."

பலகையைத் தடவிப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. படகு கட்டவிழ்ந்த பிறகும் உலர்ந்தே இருந்தது.

"திரும்பி வருவீங்க!" என்று கரை கத்தியது.

"திரும்பி வருவோம்!" என்றார்கள், வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில். இயந்திரம் உறுமியது, இடைவெளி அகன்றது, கரையில் நின்றவர்கள் கலைந்து விடுதிப் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள்.

அதன் பிறகு, ஆளில்லாத துறைமேடையிலிருந்து ஒரே ஒரு குரல் வந்தது.

"நீ திரும்பி வருவே, எல்வுட்."

நீ.

ஃபிலிஸ் காதைப் பொத்திக்கொண்டாள். ஆறியது தன் கோபம் மட்டும்தான், அக்காவுடையது ஆறவில்லை என்று நெட்டிக்குப் புரிந்தது.

எல்வுட் எழுந்து நின்று தீவைப் பார்த்தான். அவன் உதடு பிரிந்தது. பதில் சொல்லாதவரை அழைப்பு வெறும் அழைப்புதான்; சொல்லிவிட்டால் வாக்கு. கை எட்டும் தூரத்தில் இருந்தான். எட்டி அவன் வாயைப் பொத்தியிருக்கலாம். கூப்பிட்டது கேட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற கையை நெட்டி பார்த்தாள். தன் கைகளை மடியில் கோர்த்துக்கொண்டாள்.

"வருவேன்," என்றான் எல்வுட்.

கரை சேர்ந்ததும் எல்லாரும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கார்களுக்கு ஓடினார்கள். எல்வுட் மட்டும் நேராகச் சீட்டு ஜன்னலுக்குப் போனான். கொளுத்துகிற வெயிலில் அவன் சட்டைக் கை சொட்டிக்கொண்டிருந்தது.

"தீவுக்கு அடுத்த படகு எப்போங்க?"

அவன் குரல் கரகரத்தது.

"சாயங்காலம் இருக்கு. போக வரவா?" என்றாள் உள்ளே இருந்தவள்.

"போக மட்டும்."