ஃபைஜாவின் பெயரில் நுழைந்தவர்

“மேடம், அந்த மருந்தைக் கொழந்தைங்க குடிக்கும். லாரியை நிறுத்தச் சொல்லுங்க. அப்புறம் என்னை இன்னா வேணா பண்ணட்டும்.”

வில்லியனூரில் கணினி மோசடிகளைத் துப்பறியும் ஜெயசித்ராவின் அலுவலகத்துக்குள் ஃபைஜா அழுதுகொண்டேதான் நுழைந்தாள். சேதராப்பட்டு மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வாளர் அவள். சில நாட்கள் வீட்டிலிருந்தே கம்பெனி சர்வரில் இணைந்து வேலை பார்ப்பாள். குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்தில் நச்சு கலந்திருப்பதைக் கண்டு ‘தேறவில்லை’ என்று பதிந்திருந்தாள். மறுநாள் அது ‘தேறியது’ என்று மாறியிருந்தது. மாற்றியது அவளுடைய பெயரிலேயே. காலையில் சரக்கும் கிளம்பிவிட்டது.

“மேனேஜர் கிட்ட கத்தினேன். நீயே வூட்டுலேர்ந்து மாத்திட்டு நாடகம் ஆடுறியான்னு கேக்கறாரு.”

“பாஸ்வேர்டை எவனோ திருடிட்டான் மேடம்!” என்று துள்ளினான் உதவியாளன் முத்துக்குமரன்.

“அது மட்டும் பத்தாதுங்க. போன்ல மாறிக்கிட்டே இருக்கற நம்பரையும் போடணும். என் பழைய போன் பாகூர் ஏரியில விழுந்துடுச்சு. அப்போ சர்வர்ல நுழையவே முடியல, ஆபீஸ் மெயிலைக்கூடத் திறக்க முடியல. சர்வரைப் பாத்துக்கற சுப்புராயன் சார்தான் புது பாஸ்வேர்டு போட்டு, புது போனையும் சேத்துக் குடுத்தாரு.”

ஜெயசித்ரா எழுந்தாள். “வண்டியை எடு, முத்து.”

தொழிற்சாலையில், கூடவே வந்த ஃபைஜாவைப் பார்த்து மேனேஜர் தங்கவேல் முறைத்தார். சுப்புராயன் பணிவாகவே பேசினார்.

“புது போனை எப்படிச் சேத்தீங்க?” என்று கேட்டாள் ஜெயசித்ரா.

“ஸ்கேன் பண்ற க்யூஆர் படத்தை மெயில்ல அனுப்பினேன் மேடம். அதை வேற யாராச்சும் பாத்திருக்கலாம்.”

“மெயிலைத் திறக்க சர்வர்ல நுழையணும். நுழைய நம்பர் வேணும். நம்பர் வர அந்தப் படத்தை ஸ்கேன் பண்ணியிருக்கணும். அப்புறம் இவங்க எப்படி மெயிலைத் திறந்தாங்க?”



“இல்ல மேடம், அவரு ரூம்ல கம்ப்யூட்டர்லதான் காட்டினாரு,” என்றாள் ஃபைஜா.

“அப்போ படத்தைப் பாத்தது நீங்க ரெண்டு பேர்தான். ஒரே படத்தை ரெண்டு போன்ல ஸ்கேன் பண்ணா, ரெண்டுலயும் ஒரே நம்பர்தான் வரும். உங்க போனைத் திறங்க சார்.”

சுப்புராயன் போனைத் திறந்து வைத்தார்; ஃபைஜாவும் தன்னுடையதை வைத்தாள். மேசையில் இரண்டு போன்களும் அருகருகே கிடந்தன. இரண்டிலும் அதே ஆறு இலக்கம். ஒரே நொடியில் இரண்டும் சேர்ந்து மாறின.

“மேனேஜர் சார்தான் மாத்தச் சொன்னாரு... வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னாரு...”

தங்கவேல் நாற்காலியை விட்டு எழுந்தார். முத்துக்குமரன் கதவை மறித்து நின்றான். ஜெயசித்ரா போலீஸ் எண்ணை அழுத்தினாள்.

ஃபைஜா இதையெல்லாம் பார்க்கவில்லை. அவள் தன் போனை எடுத்து லாரி டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, இறக்கிட்டீங்களா?... பாதியா? ஐயோ... எந்தெந்தக் கடைண்ணே? சொல்லுங்க. மெதுவா, ஒண்ணு ஒண்ணா சொல்லுங்க...”