தயக்கக் கதவு

2051 மார்ச் 9 அன்று, சென்னைக்குத் தெற்கே தாழம்பூரில் உள்ள முத்துச்சாரல் குடியிருப்பின் பதினேழாம் மாடியில், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவள் வீட்டு வாசலின் தயக்கக் கதவு திறக்க மறுத்தது. சற்று முன்புதான் அதே கதவைப் பக்கத்து வீட்டு நாய் தாண்டிப் போயிருந்தது.

சிறுமியின் பெயர் பூவிழி. கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு நாயின் வாலைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தாள்.

"டைகருக்குக்கூடத் தொறக்குது. ஒனக்கு இன்னாடி கேடு?" என்றாள் அவள் அம்மா மோனிஷா.

"அது பயந்தாங்கொள்ளிம்மா."

அவள் சொன்னது சரிதான். முந்தைய காலத்துத் தடுப்புகளைத் திருகி அகலப்படுத்திச் சுவர்களுக்கு இடையே இறுக்குவார்கள். குழந்தைக்கு விவரம் வந்துவிட்டதா, நாய் பழகிவிட்டதா என்பதை வீட்டிலுள்ளவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் தவறினார்கள், குழந்தைகள் விழுந்தன. தயக்கக் கதவு அந்த முடிவைத் தன்னிடம் எடுத்துக்கொண்டது. அதன் கம்பிகள் தரையிலிருந்து எழும். பூனைக்குட்டி வந்தால் நெருங்கும், பிள்ளை ஏறப் பார்த்தால் உயரும். கதவு நிலையில் பதித்த தயக்கமானி, வருகிறவரின் நடையையும் மூச்சையும் கண்மணியையும் அளக்கும். படிக்கட்டுக்கு முன்னால் தயங்குகிற உயிர் ஆபத்தை அறிந்த உயிர். அதற்குக் கம்பிகள் தரைக்குள் இறங்கும். மற்றவர்களுக்கு இறங்காது. வயதோ பெயரோ அதற்குத் தேவையில்லை. ஒருமுறை படியில் உருண்ட நாய்களுக்கெல்லாம் அது திறந்தது. பூனைகளுக்கு அநேகமாகத் திறக்கவேயில்லை.

மாடிவீடுகளில் அது கட்டாயமான பிறகு குழந்தைகள் விழுவது நின்றுபோனது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பிறகு பள்ளிகளும் அதைப் பொருத்தின. வீட்டுக் கதவைத் தன் காலால் தாண்டியிராத பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதில்லை என்று ஆயிற்று. தாண்டிய பிள்ளைக்கு உறவினரைக் கூட்டி, புதுத்துணி எடுத்து, முதல் கடப்பு என்று விழா எடுத்தார்கள். காதுகுத்துக்கு வந்த அதே தாய்மாமன்கள் இதற்கும் சீர்த்தட்டோடு வந்தார்கள்.

பூவிழியின் அப்பா லோகேஷ், பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களைக் கயிற்றில் தொங்கியபடி துடைப்பவன். கதவு பொருத்திய அன்று அவனுக்கும் அது திறக்கவில்லை. பொருத்த வந்தவர், "இன்னா சார், பூனையா நீங்க?" என்று சிரித்துவிட்டு, பெரியவர்களுக்கான விலக்கு வளையம் ஒன்றை அவன் மணிக்கட்டில் மாட்டிவிட்டார். வளையம் இருந்தால் கதவு எதையும் அளக்காது. குழந்தையைத் தூக்கிக்கொண்டும் போகலாம். ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வளையம் கிடையாது.

"இந்த ஜூன்ல சேக்கலன்னா வயசு தாண்டிப்போச்சுன்னுடுவாங்க," என்றாள் மோனிஷா. "எழுதப் படிக்கத் தெரியாம அதுவும் கயித்துல தொங்கட்டும்ன்றியா?"

"கயித்துல தொங்கித்தான் இந்த வூட்ல சோறு வேவுது."

"அதான்யா சொல்றேன்."

மோனிஷா தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். சோறு ஊட்டும்போது, படியில் பூச்சாண்டி உட்கார்ந்திருக்கிறான் என்றாள். பூவிழி வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு, "எந்தப் படி? வா, பாக்கலாம்," என்று எழுந்தாள்.

கீழ்த்தளத்தில், மாவுக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே பெனிட்டா மிஸ்ஸின் தயக்கப் பயிற்சி மையம் இருந்தது. 'ஒரே மாதத்தில் திறப்பு உறுதி' என்று வாசலில் பலகை. அங்கே பிள்ளைகளை மேசைமேல் நிறுத்தி, களிமண் பொம்மைகளைக் கீழே போட்டு உடைத்துக் காட்டுவார்கள். மற்ற பிள்ளைகள் அழுதன. பூவிழி, "இன்னொண்ணு போடுங்க மிஸ்," என்றாள்.

மாதக் கடைசியில் பெனிட்டா மிஸ் பெற்றோரை அழைத்துப் பேசினாள்.

"பொம்மையப் பாத்தெல்லாம் இது பயப்படாது சார். பிள்ளைங்க பெரியவங்க மூஞ்சியப் பாத்துதான் பயம் கத்துக்கும். நீங்க வீட்ல கொஞ்சம் பயந்து காட்டுங்க."

"நானா?" என்றான் லோகேஷ்.

"ஏன் சார், வராதா?"

அன்று மாலை அவன் கதவருகே நின்று, நெஞ்சில் கை வைத்து, கால்களை உதறிக் காட்டினான். பூவிழி கைதட்டினாள். "இன்னொரு வாட்டி செய்யிப்பா!" கதவும் நம்பவில்லை. வளையத்தைக் கழற்றிவிட்டு நின்றவனுக்கு முன் கம்பிகள் ஒரு விரலளவுகூட இறங்கவில்லை. மோனிஷா மட்டும் சிரிக்காமல் சமையலறைக்குள் போனாள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லோகேஷ் மகளைத் தன் வேலையிடத்துக்கு அழைத்துப் போனான். உண்மையான உயரத்தைப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் உறைக்கும் என்பது அவன் கணக்கு. அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடிக்குக் கயிற்றாட்கள் மட்டுமே போவார்கள். எனவே அங்கே தயக்கக் கதவு இல்லை. கவனமாகத்தான் செய்தான். அவள் இடுப்பில் வாரைக் கட்டி, கயிற்றைத் தரையிலிருந்த இரும்பு வளையத்தில் கொக்கி போட்டு மாட்டினான். மற்றொரு கயிற்றால் தன்னையும் பிணைத்துக்கொள்ளத் திரும்பினான்.

அவன் தினமும் வீட்டில் கொக்கிகளுக்கு எண்ணெய் போட்டுத் திறந்து மூடிப் பார்ப்பவன். அவள் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவள்.

அவன் நிமிர்ந்தபோது கொக்கி தரையில் கிடந்தது. பூவிழி விளிம்புச் சுவரின்மேல் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளியே பார்த்திருந்தது. கயிற்றில் தொங்கும்போது அவன் செய்வதைப்போல இரண்டு கைகளையும் விரித்திருந்தாள். கடற்காற்றில் அவள் பாவாடை படபடத்தது.

"ப்பா! இங்க பாரு, ஒன்ன மாதிரியே!"

அந்தச் சுவர்மேல் அவன் எத்தனையோ முறை டீத்தம்ளரோடு நடந்திருக்கிறான். இப்போது அவன் கால்கள் எழவில்லை. தரையில் குப்புறப் படுத்தான். கூப்பிட வாயைத் திறந்தான். கூப்பிட்டால் திரும்புவாள் என்று மூடிக்கொண்டான். வயிற்றால் ஊர்ந்து போனான். கை எட்டியதும் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். இருவரும் உட்பக்கம் விழுந்தார்கள்.

பூவிழி சிரித்துக்கொண்டே எழுந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அதற்கு முன் அவள் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அவன் கால்சட்டை நனைந்திருந்தது. கண்கள் அவளைத் தாண்டிச் சுவர் முடிகிற இடத்தில் நின்றிருந்தன. அவள் சிரிப்பு நின்றது. அவன் பார்க்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வானம்தான் இருந்தது.

"ப்பா, அங்க இன்னா இருக்கு?"

அவன் அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டான்.

கீழே வரும் வரையில் அவள் அவன் தோளிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. வீட்டுக்குள் வந்து, மகளை இறக்கிவிட்டு, குளிப்பதற்காக மணிக்கட்டு வளையத்தைக் கழற்றி வைத்தான். செருப்பை வெளியே விட மறந்தது நினைவுக்கு வந்து வாசல் பக்கம் நடந்தான். அவனுக்கு முன்னால் கம்பிகள் ஓசையில்லாமல் தரைக்குள் இறங்கின. பின்னால் வந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற பூவிழிக்கும் அவை இறங்கியே இருந்தன.

"தொறந்துடுச்சா? அய்யோ, என் கண்ணே, தொறந்துடுச்சா?" மோனிஷா இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றிரவே தன் அண்ணனுக்குச் சொல்லி, வருகிற ஞாயிறு விழா என்று முடிவு செய்தாள். கணவன் சுருண்டு படுத்திருப்பதைக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டாள். அவனும் அப்படியே சொல்லி அந்த வாரம் முழுவதும் விடுப்பில் இருந்தான்.

ஞாயிறன்று உறவினர்கள் கதவுக்கு வெளியே நடைபாதையில் நின்றார்கள். தாய்மாமன் பாபு தட்டில் பட்டுப்பாவாடையும் புத்தகப்பையும் வைத்திருந்தான். பெனிட்டா மிஸ் மாலையோடு வந்திருந்தாள். பூவிழி கூடத்திலிருந்து நடந்து வந்தாள். கம்பிகள் இறங்கின. எல்லோரும் கைதட்டினார்கள்.

பூவிழி நின்றாள்.

"வாடி கண்ணு. ரெண்டு எட்டுதான்," என்றாள் மோனிஷா வெளியிலிருந்து.

"அங்க இன்னா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. படிதான். நீ ஓடுவியே?"

"அப்பா போவட்டும் மொதல்ல."

எல்லோரும் லோகேஷைத் தேடினார்கள். அவன் கூடத்தின் உள்சுவரோடு ஒட்டி நின்றிருந்தான்.

"இன்னா மச்சான், பொண்ணுக்குத் தொணையா?" என்றான் பாபு. சிலர் சிரித்தார்கள். லோகேஷ் கதவுவரை வந்தான். நடைபாதையின் கோடியில் இறங்கும் படிகளைப் பார்த்தான். சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். அவன் மகளின் பக்கத்தில் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள்.

"இன்னா மிஸ் இது?" மோனிஷா கம்பிகள் இறங்கிய இடத்தைக் காட்டினாள். "தொறந்துதானே இருக்கு?"

"தொறக்கும்னுதான் போர்டுல போட்டிருக்கேன்," என்றாள் பெனிட்டா மிஸ், மாலையைப் பையில் வைத்தபடி. "தாண்டுறதுக்கு நான் பொறுப்பில்லம்மா. ஒன்பதாவது மாடிலயும் ரெண்டு பிள்ளைங்க இப்டித்தான் ஒக்காந்திருக்கு."

பள்ளி திறந்த அன்று மோனிஷா மகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தாள். வழியெல்லாம் குழந்தை அலறியது. பள்ளியின் கதவும் பூவிழிக்கு உடனே திறந்தது. உள்ளே நேரெதிரே மாடிப்படி இருந்தது. மதியம்வரை அவள் வாசலிலேயே நின்றாள். தன் காலால் நடந்தால்தான் கணக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஜூன் 19 அன்று, புகாரின்பேரில் பொருத்துநர் வந்தார். முன்பு வந்த அதே ஆள். தயக்கமானியைத் துடைத்தார், கம்பிகளை ஏற்றி இறக்கினார்.

"இதுல ஒரு கோளாறும் இல்லம்மா. பெர்ஃபெக்ட்டா வேலை செய்யுது. ஆமா, பூனை சார் எங்க?"

மோனிஷா உள்ளறையைக் காட்டினாள். அங்கே பால்கனிப் பக்கத்து ஜன்னல் போர்வையால் மூடப்பட்டிருந்தது. லோகேஷும் பூவிழியும் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பொருத்துநர் எட்டிப் பார்த்துவிட்டு, கருவிப்பையை எடுத்துக்கொண்டார்.

தயங்குகிறவர் அருகில் இருக்கும் வரை கம்பிகள் எழுவதில்லை. பதினேழாம் மாடியில் அந்தக் கதவு ஆண்டு முழுவதும் திறந்தே இருந்தது. டைகர் அவ்வப்போது வந்து போயிற்று. லோகேஷின் வேலைக்கு வேறு ஆள் எடுத்துக்கொண்டார்கள். பூவிழி பள்ளியில் சேரவில்லை. அந்த ஆண்டு முத்துச்சாரலில் யாரும் விழவில்லை.