வால்டர் யாருக்குச் சகலை

பஹ்ரைனில், குதைபியா பகுதியில் காதர் மைதீனின் ஸ்டேஷனரி கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இஃப்பத் குடியிருந்தார். மனாமாவின் ஒரு வங்கியில் இருபத்திரண்டு வருடம் கையெழுத்துகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் யாராவது ஒரு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அவரைத் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள். அப்படி யாரும் மாடியேறினால் கணவர் காதர் மைதீன் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே ஏறி வந்துவிடுவார். மனைவி தொழிலாக நினைத்ததை அவர் பெரிய விளையாட்டாக நினைத்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை வந்தவள் ரக்ஷிதா. கோயம்புத்தூர்க்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். கணவன் அர்ஜுன் கட்டடங்களுக்குக் குளிர்சாதன வசதி செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினாள். தன்னை ஒருத்தி கவிழ்த்துவிட்டதாகவும், அது யாரென்று தனக்குத் தெரியும் என்றும், அதை நிரூபித்துக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னாள்.

இஃப்பத் தண்ணீர் கொடுத்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

ரக்ஷிதாவின் வேலையைப் புரிந்துகொள்ளவே காதர் மைதீனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இங்கிலாந்தில் வம்ச வரலாறு தேடித் தரும் ஒரு நிறுவனத்துக்காக அவள் வீட்டிலிருந்தே பழைய ஆவணங்களைப் படித்து எழுதுகிறாள். நாலு வருடமாக ஒரே குடும்பம். மார்ட்வெல் என்று பெயர். ராஜா, பிரபு என்று சொல்லும்படி இல்லை; ஒரு கிராமம், ஒரு மாவு மில், ஒரு மீன்குளம் வைத்திருந்த நடுத்தர நிலக்காரர்கள். அறுநூறு, எழுநூறு வருடத்துக்கு முந்தியவர்கள். வரிப்பட்டியலில் ஒரு பெயர், ஊர் நீதிமன்றச் சுருளில் அடுத்தவன் வயலில் மாடு மேய்ந்ததற்கு ஓர் அபராதம், ஒரு உயில், ஒரு கல்லறைக் கல் என்று கிடைத்ததையெல்லாம் கோத்து, அந்த வீட்டுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று கண்டுபிடித்திருந்தாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் மாறியது. ராபர்ட்டுக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்றாள். அவன் மனைவி ஆலிஸ் மூன்று குழந்தைகளைக் கொள்ளைநோய்க்குக் கொடுத்தவள் என்றாள். பக்கத்து ஃப்ளாட்டில் இருப்பவர்களைப் பற்றிப் பேசுவது போல இருந்தது.

ராபர்ட்டுக்கு ஆண் பிள்ளை இல்லை, அவனோடு வம்சம் முடிந்துவிட்டது என்றுதான் இதுவரை எல்லாரும் எழுதியிருந்தார்கள். முடியவில்லை, ஒரு மகள் பிழைத்திருந்தாள் என்பதை ரக்ஷிதா கண்டுபிடித்தாள். ஆலிஸின் தங்கை மார்கரெட்டின் கணவன் வால்டர், ராபர்ட்டின் மகள் ஜோனுக்கு நிலம் எழுதிக் கொடுத்த பத்திரம் ஒன்றுதான் அதற்கு ஆதாரம். மூலப்பத்திரம் உலகப்போரில் லண்டனில் எரிந்துபோயிற்று. அதற்கு முன்பே யாரோ எடுத்து வைத்த ஒரு புகைப்படம் மட்டும் மிச்சம். அதை வைத்திருந்த ஓய்வுபெற்ற பாதிரியார் ரக்ஷிதாவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, போன வருடம் காலமாகிவிட்டார். ஆக, உலகத்திலேயே அந்தப் பத்திரத்துக்கு இருக்கும் ஒரே சாட்சி ரக்ஷிதாவின் மேஜை டிராயரில் இருந்தது.

அவள் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் புத்தகமாக அச்சுக்குப் போக இருந்த வாரத்தில் நிறுவனத்துக்கு ஒரு மொட்டை மின்னஞ்சல் போயிருக்கிறது. அவர்கள் அச்சை நிறுத்திவிட்டு, ஒரு வாரத்துக்குள் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

இஃப்பத் அந்தக் கடிதத்தின் நகலை வாங்கிப் படித்தார். ஆங்கிலத்தில், “உள்ளூர் வரலாற்று ஆர்வலன்” என்ற பெயரில் இருந்தது. அதன் சாரம் இதுதான்: ‘இந்தப் புகைப்படம் போலி. பத்திரத்தின் தேதி 1412 பிப்ரவரி 6. வால்டர் ராபர்ட்டின் கோ-பிரதர் என்கிறார்கள். ஆனால் வால்டருக்கும் மார்கரெட்டுக்கும் கல்யாணம் ஆனதே 1412 ஜூனில்தான். பிப்ரவரியில் அவன் எப்படி அந்த வீட்டு மனிதன் ஆனான்? இந்தப் பெண் பழைய கையெழுத்தை எழுதிப் பழகியிருக்கிறாள், ஆதாரம் இணைத்திருக்கிறேன். இப்படிப்பட்டவரை இங்கே அனுப்பி எங்கள் ஆவணங்களைத் தொட விடாதீர்கள்.’

இணைப்பில் ரக்ஷிதாவின் நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம் போட்டோவாக இருந்தது. அதே பத்திரத்தின் வாசகம், அதே பழைய எழுத்தில், அவள் கையால்.

தேதி விஷயம் தனக்குப் பெரிதில்லை என்றாள் ரக்ஷிதா. அந்தக் காலத்து இங்கிலாந்தில் மார்ச் 25இல்தான் வருடம் பிறக்கும். 1412 ஜூன் முதலில் வரும், 1412 பிப்ரவரி அதற்குப் பின்னால் வரும். நம் கணக்குக்கு அது 1413. ரிப்போர்ட்டில் 1413 என்று திருத்தித்தான் எழுதியிருக்கிறாள். அதற்கு ஒரு வரியில் பதில் போட்டாகிவிட்டது. நோட்டுப் பக்கத்துக்குத்தான் பதில் இல்லை. எழுதிப் பார்த்தால்தான் அந்த எழுத்து படிக்க வரும் என்று சொன்னால், பழகிக்கொண்டாயா என்று கேட்கிறார்கள்.

“நோட்டு எங்க இருக்கும்?” என்று கேட்டார் இஃப்பத்.

“ஹால் மேஜை மேலதாங்க. மெயில் போறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை லஞ்சுக்கு ரெண்டு பேரைக் கூப்பிட்டிருந்தேன். முத்துராமன் சாரும் தன்யாவும். வேற யாரும் வீட்டுக்கு வர்றதில்லை.”

முத்துராமன் துபாயில், அல் கூஸில் ஒரு கிடங்கின் மேல்மாடியில் அந்த நிறுவனத்தின் வளைகுடா வேலைகளை மேற்பார்ப்பவர்; அந்த வாரம் வேலையாக மனாமா வந்திருந்தார். தன்யா இதே வேலையை மனாமாவிலிருந்து செய்பவள், ரக்ஷிதாவின் சிநேகிதி; போன வருடம் அவளுடைய புத்தகம் ஒன்று வெளிவந்திருந்தது. ரிப்போர்ட்டின் கடைசிப் பிரதியைப் பிழை பார்த்துக் கொடுத்ததும் அவள்தான்.

“அவதாங்க. அவளைத் தவிர யாரு?” என்றாள் ரக்ஷிதா. விளக்கம் கேட்டு வந்த அன்றே தன்யாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டதாகவும், அதில் எழுதியதை இப்போது வாய்விட்டுச் சொல்ல முடியாது என்றும் ஒப்புக்கொண்டாள்.

இஃப்பத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “போன வருஷம் அவ புத்தகம் வந்துச்சுன்னு சொன்னீங்களே. அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

ரக்ஷிதா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். “எரிஞ்சுதுங்க மேடம். கேக் வாங்கிட்டுப் போய்க் கொடுத்தேன். வர்ற வழியில காரை ஓரமா நிறுத்திட்டு அழுதேன்.”

“உங்களுக்கு எரிஞ்ச மாதிரி அவளுக்கும் எரியும்னு நெனைக்கிறீங்க.”

ரக்ஷிதா கதவுப் பக்கம் நகர்ந்தாள். கிளம்பும்போது இஃப்பத் இன்னொன்று கேட்டார். இங்கே அனுப்பாதீர்கள் என்று கடிதத்தில் இருக்கிறதே, அவள் அங்கே போவதாக இருந்ததா? ரக்ஷிதா தயங்கினாள். ஆறு மாதம் அந்த ஊர் ஆவணக்காப்பகத்தில் இருந்து வேலை செய்ய நிறுவனம் அழைத்திருந்தது. முடிவாகாததால் வெளியே யாரிடமும் சொல்லவில்லை என்றாள்.

அவள் போனதும் காதர் மைதீன் தீர்ப்பே சொல்லிவிட்டார். பிழை பார்த்தவள், பொறாமைக்காரி, வீட்டுக்கு வந்தவள். தன்யாதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார். பொறாமை என்று நாம் கேட்டது ரக்ஷிதாவின் பொறாமையைப் பற்றித்தான், தன்யாவைப் பார்த்த பிறகு பேசலாம் என்றார் இஃப்பத்.

மறுநாள் இருவரும் தன்யாவின் வீட்டுக்குப் போனார்கள். பஹ்ரைனிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசினாள், ஆனால் பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவினாள். அழுது ஓய்ந்த முகம். இஃப்பத் பேச்சுக்கு நடுவில், சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை அவள் மேஜையிலிருந்து எடுத்து, முகூர்த்தம் என்றைக்கு என்று கேட்டார். தன்யா கூச்சத்தோடு சிரித்தாள். தனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, பள்ளியில் ஹிந்தியும் அரபியும்தான், அம்மா வந்துதான் படித்துச் சொல்ல வேண்டும் என்றாள்.

முத்துராமனிடம் போனில் பேசினார்கள். புத்தகம் நின்றால் தன் தலையும் உருளும் என்று அவர் புலம்பினார். அந்த மின்னஞ்சலை எழுதியவனுக்கு மார்ச் 25 கதைகூடத் தெரியவில்லை, இந்த வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பதே அதைத்தான் என்று எரிச்சலோடு சொன்னார்.

கடைசியாக ரக்ஷிதாவின் வீடு. கதவைத் திறந்தது அர்ஜுன். ரக்ஷிதா உள்ளே ஒரு அழைப்பில் இருந்தாள். அவன்தான் டீ போட்டுக் கொடுத்தான்; அவள் மாத்திரை சாப்பிடும் நேரம் பார்த்துத் தண்ணீரும் கொண்டுபோய் வைத்தான். ரிப்போர்ட்டைப் பற்றி இஃப்பத் கேட்டபோது, அதைத் தான் பார்த்ததே இல்லை, இதெல்லாம் தனக்குப் புரியாது என்றான். அப்புறம், கேட்காமலே, “நான் டூட்டி முடிஞ்சு வந்தா அந்த மார்ட்வெல் வீட்டு ஆளுங்களைப் பத்தித்தான் பேச்சு. எங்கம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த தேதி அவளுக்கு மறந்துபோச்சு. ஆலிஸோட குழந்தைங்க செத்த தேதி மூணும் ஞாபகம் இருக்கு,” என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான்.

இஃப்பத் நோட்டைப் பார்க்க வேண்டும் என்றார். அந்தப் பக்கத்தைப் புகைப்படத்தோடு வைத்து லென்ஸில் பத்து நிமிடம் பார்த்தார். பக்கத்தின் ஓரத்தில் ரக்ஷிதா தனக்காகத் தமிழில் எழுதியிருந்த குறிப்புகளையும் படித்தார். வெள்ளிக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர்கள் போனபோது தன்யா கதவோரத்து நாற்காலியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்விடுபவள் போல உட்கார்ந்திருந்தாள். முத்துராமன் லேப்டாப் திரையில் இருந்தார். ரக்ஷிதாவும் அர்ஜுனும் சோபாவில்.

“முதல்ல போலியா இல்லையான்னு பார்த்துருவோம்,” என்று இஃப்பத் நோட்டை விரித்தார். “புகைப்படத்துல தெரியுற பத்திரத்துல ஒரு மடிப்பு. அந்த மடிப்புல ரெண்டு இடத்துல எழுத்து மறைஞ்சு போயிருக்கு. நோட்டுலயும் அதே ரெண்டு இடத்துல எழுத்து இல்லை, வெறும் புள்ளி. போலி பண்றவங்க முதல்ல முழுசா எழுதுவாங்க, அப்புறம்தான் மடிப்பாங்க. எழுதிப் பழகுறப்பவே எந்த எழுத்து மறையும்னு யாருக்கும் தெரியாது. புகைப்படம் முந்தி, நோட்டு பிந்தி. இதை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

ரக்ஷிதா கண்களை மூடிக்கொண்டாள்.

“இனி கடிதம். எழுதினவர் இங்கிலாந்துக்காரர் மாதிரி எழுதியிருக்கார். ஆனா கோ-பிரதர்னு ஒரு வார்த்தை போட்டிருக்கார். அக்கா தங்கையைக் கட்டினவங்களைச் சொல்ல அந்த ஊர்ல தனியா வார்த்தை கிடையாது. நம்ம ஆளுங்க சகலைக்குச் செஞ்சுவச்ச ஆங்கிலம் அது. ரிப்போர்ட்டுல மார்கரெட்டின் கணவன்னு மட்டும்தான் இருக்கு. சகலைங்கிற வார்த்தை இருக்குறது ஒரே இடத்துல. நோட்டு ஓரத்துல, தமிழ்ல. ‘1412 பிப்ரவரி 6, வால்டர், ராபர்ட்டின் சகலை.’ கீழேயே ‘கல்யாணம் 1412 ஜூன்’னும் இருக்கு. கடிதத்துல இருக்குற தேதியும் அதுதான். ரிப்போர்ட்டுல இருக்குறது 1413. எழுதினவர் ரிப்போர்ட்டைப் பார்க்கலை, நோட்டை மட்டும்தான் பார்த்திருக்கார்.”

காதர் மைதீன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். தன்யா ரிப்போர்ட்டைப் பிழை பார்த்தவள்தானே என்று அவரே கேட்டார், தன் தீர்ப்பு கவிழ்வது தெரிந்தும்.

“ஆமா. அதுவும் போக, தன்யாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. அந்த ஓரத்துக் குறிப்பு அவளுக்குக் கோலம் மாதிரி. முத்துராமன் சாருக்குத் தமிழ் வரும். ஆனா மார்ச் 25 கணக்கு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒருத்தரைக் கவிழ்க்க நெனைக்கிறவர், ஒரே வரியில உடைஞ்சு போற குற்றச்சாட்டை எழுத மாட்டார். எழுதினவர் தமிழ் படிக்கிறவர், இந்த வேலை தெரியாதவர், நோட்டு இருக்குற வீட்டுல நடமாடுறவர். ரக்ஷிதா இங்கிலாந்துக்குப் போக இருந்ததும் அவருக்குத் தெரியும். வெளியே யாருக்கும் சொல்லலைன்னு சொன்னீங்களேம்மா. வீட்டுல சொன்னீங்களா?”

ரக்ஷிதா மெதுவாகத் திரும்பி அர்ஜுனைப் பார்த்தாள். இஃப்பத் பெயர் சொல்லவில்லை. திரையில் முத்துராமன் தொண்டையைச் செருமினார்.

“நான்தான்,” என்றான் அர்ஜுன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு பேசினான். புத்தகம் நிற்க வேண்டும் என்று நினைக்கவில்லையாம். பயணம் மட்டும் நின்றால் போதும் என்று நினைத்தானாம். போட்டோவையும் இணைத்தால் என்ன ஆகும் என்று தெரியும், தெரிந்துதான் அனுப்பினேன் என்று உடனே திருத்திக்கொண்டான்.

“வேற ஒருத்தன்னா அவனோட சண்டை போட்டிருப்பேன். செத்து அறுநூறு வருஷம் ஆனவனோட என்ன பண்றது? நீ ராபர்ட் பேரைச் சொல்றப்ப உன் குரலே வேற மாதிரி இருக்கும், ரக்ஷி. ஆறு மாசம் அங்க போனா நீ திரும்பி வரமாட்டேன்னு தோணுச்சு.”

ரக்ஷிதா அழவில்லை. எழுந்து போய் லேப்டாப்பை மூடினாள். பிறகு கதவோரம் இருந்த நாற்காலியின் முன்னால் போய் நின்றாள். நான் எழுதினது எல்லாம் பொய் தன்யா, என்னை மன்னிச்சுடு என்றாள். தன்யா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “எனக்குக் கொஞ்ச நாள் வேணும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகுதான் ரக்ஷிதா கணவனிடம் பேசினாள். “நீ பொறாமைப்பட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்கும் அது தெரியும். ஆனா நாலு நாளா நான் தன்யாவைத் திட்டறதைக் கேட்டுட்டு, எனக்கு டீ போட்டுக் கொடுத்துட்டு இருந்தியே.”

அன்று மாலையே அர்ஜுன் தன் பெயரில், தன் முகவரியிலிருந்து நிறுவனத்துக்கு எழுதினான். இஃப்பத்தின் அறிக்கையும் கூடப் போனது. பத்து நாளில் அச்சு மறுபடி தொடங்கியது. செப்டம்பரில் ரக்ஷிதா தனியாக விமானம் ஏறினாள். போகுமுன் தன்யாவும் அவளும் ஒருமுறை காபி குடித்தார்கள் என்று காதர் மைதீனுக்குச் செய்தி வந்தது. அதற்கு மேல் தெரியவில்லை.

டிசம்பரில் அர்ஜுன் கடைக்கு வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். ரக்ஷிதா கொடுக்கச் சொன்னதாக, இஃப்பத்துக்கென்று ஒரு புத்தகப் பிரதியைக் கொடுத்தான். நன்றிப் பக்கத்தில் தன்யாவின் பெயர் முதலில் இருந்தது, இஃப்பத்தின் பெயர் அடுத்து. அவன் பெயர் இல்லை. போடட்டுமா என்று கேட்டாளாம், அவன்தான் வேண்டாம் என்றானாம். ஜனவரியில் இரண்டு வாரம் லீவு கிடைத்திருக்கிறது, டிக்கெட் போட்டுவிட்டேன் என்றான்.

ரக்ஷிதா ஏர்போர்ட்டுக்கு வருவாளா என்று இஃப்பத் கேட்டார்.

“வர்றேன்னும் சொல்லலைங்க, வரலைன்னும் சொல்லலை,” என்றான் அர்ஜுன். “எந்த ரயில், எங்க மாறணும்னு மட்டும் எழுதி அனுப்பியிருக்கா. போய்க்குவேன்.”