ஒன்பதில் நின்ற எண்

பன்னிரண்டாவது லேப்டாப்பில் சிக்னல் கோடு ஐந்தும் நிறைந்திருந்தது. அதில் தப்பில்லை. தப்பு என்னவென்றால், மெக்கானிக் அதற்கு இன்னும் ஆன்டெனா வயரை மாட்டவே இல்லை.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். அடிமூடி கழன்று மேசைமேல் கிடந்தது. உள்ளே பேட்டரிக்குப் பக்கத்துக் குழியில், புதிதாகச் செருகிய மோடம் பலகை ஒற்றைத் திருகில் நின்றது. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். திரைக்குள்ளிருந்து கீலைச் சுற்றி இறங்கிவரும் கறுப்பு வயரும் வெள்ளை வயரும் அதன் தலையில் போய் அழுந்தி உட்கார வேண்டியவை. இரண்டும் நுனியில் கடுகளவு பித்தளையோடு அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தன.

“வயசாயிடுச்சுடா உனக்கு” என்று தன்னையே வைதுகொண்டார்.

மூன்று நாளாக இதே வேலை. மூடியைக் கழற்று, பலகையைச் செருகு, வயரை மாட்டு, சிம் போடு, சோதி, மூடு. சர்வே காண்டிராக்டர் பன்னிரண்டு லேப்டாப்பையும் பன்னிரண்டு மோடத்தையும் ஒரு சாக்கில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிருந்தான். கம்பி போகாத இடத்திலெல்லாம் அவன் ஆட்கள் உட்கார்ந்து கணக்கு அனுப்ப வேண்டுமாம். கண் எரிந்தது. கழுத்து மரத்துப் போயிருந்தது. அறையில் ஈயப் புகையின் வாடை, சூடான பிளாஸ்டிக்கின் வாடை, காலையில் குடித்த டம்ளரில் ஆடை கட்டிய டீயின் வாடை எல்லாம் கலந்து, ஜன்னலைத் திறந்தாலும் போகாமல் சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

சிக்னல் என்பது கண்ணால் பார்க்க முடியாத சரக்கு. பார்க்க முடியாத சரக்கை விற்கிறவன் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம். மெக்கானிக் அந்தப் பாதியையும் நம்ப மாட்டார். அதனால் திரையில் வரும் கோட்டை அவர் பொருட்படுத்துவதே கிடையாது. மோடத்திடமே கேட்பார். கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் அது எண்ணாகப் பதில் சொல்லும்: எந்தக் கம்பெனி, எவ்வளவு பலம், டவர் எவ்வளவு தூரம். தூரத்துக்கு ஓர் எண் உண்டு. ஒன்று என்றால் எண்பது மீட்டருக்குள், இரண்டு என்றால் நூற்றறுபதுக்குள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிற்கும் டவர் அவர் மேசையிலிருந்து நான்கு. பதினொரு லேப்டாப்பும் ஒரே வாயாக நான்கு என்றுதான் சொல்லியிருந்தன.

வயர் இரண்டையும் அழுத்தி மாட்டிவிட்டுக் கட்டளையைத் தட்டினார்.

கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பலம், உச்சம். தூரம், இருபத்தாறு.

அவ்வளவு தூரத்திலிருந்து அவ்வளவு பலம் வராது. ஊர்க்கோடியில் நிற்பவன் பேசுவது காதுக்குள் வாய் வைத்துப் பேசுகிற மாதிரி கேட்குமா? கட்டளையைத் திரும்பத் தட்டினார். அதே பதில்.

மேசைக்குக் கீழே ஓர் இரும்புப் பெட்டி வைத்திருந்தார். தடித்த தகடு, மூடியைச் சுற்றிச் செம்பு வலை. மூடிவிட்டால் எந்த அலையும் உள்ளே போகாது. மோடம் பொய் சொல்கிறதா என்று பார்க்க அதுதான் வழி. உள்ளே வைத்தால் யோக்கியமான மோடம் ‘எதுவும் இல்லை’ என்று சொல்லும். நிமிஷத்துக்கு ஒரு வரி எழுதிக்கொண்டே இரு என்று கட்டளை கொடுத்து, லேப்டாப்பைத் திறந்தபடியே உள்ளே இறக்கி, மூடியைப் பூட்டினார்.

ஃபோன் அடித்தது. காண்டிராக்டர்.

“என்னண்ணே, பன்னெண்டும் பொறந்துடுச்சா?”

“பதினொண்ணு சுகப்பிரசவம். பன்னெண்டாவது தலகீழா கிடக்கு.”

“இழுத்து வெளிய போடுங்கண்ணே. காலையில வண்டி வருது.”

“இழுத்தா உன் தலையிலதான் கட்டணும். வை ஃபோன.”

பிறகு சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். குளியலறைக் குழாய் சொட்டியது. மணி ஆறேகால் ஆகியிருந்தது. மகள் ஆறு மணிக்கு வந்திருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வந்ததும் செருப்பை ஒரு மூலைக்கும் பையை ஒரு மூலைக்கும் வீசிவிட்டு, “ஸ்பிரிட் நாத்தம் போகவே மாட்டேங்குதுப்பா” என்று கையை முகர்ந்து பார்த்துக்கொள்வாள். அவள் அம்மா போய் ஏழு வருஷம். அந்த வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டு பேர்தான். அவள் வந்து விளக்கைப் போடுகிறவரை அவரும் விளக்குப் போடுவதில்லை. பஸ் தாமதம் என்று நினைத்துக்கொண்டார். அதற்குமேல் நினைக்க உடம்பில் தெம்பில்லை.

பத்து நிமிஷம் கழித்துப் பெட்டியைத் திறந்தார்.

பத்து வரி இருந்தது. ஒன்றுகூட ‘எதுவும் இல்லை’ என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றிலும் பெயர் வெறுமை. ஒவ்வொன்றிலும் பலம் உச்சம். தூரம் மட்டும் இருபத்தைந்து, இருபத்துநான்கு, இருபத்துமூன்று என்று படிப்படியாக இறங்கி வந்திருந்தது. கடைசி வரியில் பதினாறு.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வரி விழுந்தது. பதினைந்து.

நிமிஷத்துக்கு எண்பது மீட்டர். அவசரமில்லாத மனிதன் நடக்கிற வேகம்.

யாரோ வண்டியில் டவர் வைத்துக்கொண்டு போகிறான், கூட்டம் கூடுகிற இடத்துக்குக் கம்பெனிக்காரன் அப்படி அனுப்புவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது உண்மைதான். ஆனால் வண்டியில் வந்தாலும் அந்த அலை இரும்பைத் துளைக்காது. அதுவும் உண்மைதான். இரண்டு உண்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவருக்கு இஷ்டமில்லை.

மகள் ஃபோனில் கூப்பிட்டாள். குரல் துண்டு துண்டாக விழுந்தது.

“அப்பா... பஸ்ஸு பாதியில நின்னுடுச்சு... எல்லாரும் குறுக்கு வழின்னு குடோன் பக்கம் போனாங்க, நான் பின்னால... இங்க யாருமே...”

“எந்தக் குடோனு?”

“தெரியலப்பா. நீளமா சுவரு... நீங்க வாங்கப்பா. பயமா இருக்கு.”

ஸ்கூட்டரில் பின் டயர் காற்று இறங்கிக் கிடந்தது. வலது முட்டி நேற்றிலிருந்தே மடங்க மாட்டேன் என்றது. மூன்று நாள் தூக்கம் முதுகில் மூட்டையாக உட்கார்ந்திருந்தது. குடோன் பக்கம் போய்ச் சேரப் பத்து நிமிஷ நடை என்பது அப்போது மலையேறுகிற மாதிரி தெரிந்தது. வாயில் வந்தது இருபது வருஷமாக எல்லோருக்கும் சொல்லிப் பழகிய வாக்கியம்.

“பயப்பட என்னம்மா இருக்கு? ஃபோனப் பாரு. சிக்னல் கோடு எந்தப் பக்கம் ஏறுதோ அந்தப் பக்கமா நட. டவர் இருக்கிற இடத்துல ஆளு இருக்கும்.”

“இந்தப் பக்கம் போனா ஏறுதுப்பா.”

“அப்ப அந்தப் பக்கமே போ. போயிட்டுக் கூப்பிடு.”

வைத்துவிட்டார். வரி விழுந்தது. பன்னிரண்டு. பதினொன்று. பத்து. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் வடிந்து, எதிர்வீட்டு மதில் சாம்பலாகி, பிறகு மதில் எது வானம் எது என்று தெரியாமல் ஆனது. தெருவில் ஒரு நாய் ஓடியது. குரைக்கவில்லை. அதற்குப் பின்னால் இன்னொன்று. பிறகு இரண்டு பூனைகள், நாய்களோடு சேர்ந்து, ஒரே திசையில், வந்த பக்கத்தைத் திரும்பிப் பார்க்காமல்.

ஒன்பது.

ஒன்பது.

ஒன்பது.

நான்காவது முறையும் ஒன்பது என்று விழுந்தபோது மெக்கானிக் திரைமேல் குனிந்தார். வந்துகொண்டிருந்தது நின்றுவிட்டது. நடக்கிறவன் எப்போது நிற்பான்? இடம் வந்துவிட்டால் நிற்பான். அல்லது எதிரில் யாராவது வந்தால் நிற்பான்.

ஒன்பது என்றால் எழுநூற்றுச் சொச்சம் மீட்டர். அந்தத் தூரத்தில் நீளமான சுவரென்று ஒன்றுதான் இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் குடோன் சுவர்.

சிக்னல் ஏறுகிற பக்கமாக நட என்று சொன்னது அவர்தான்.

ஃபோன் அடித்தது. இந்த முறை குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது, அறைக்குள்ளேயே நின்று பேசுகிற மாதிரி.

“அப்பா. இப்ப நல்லா கேக்குதுப்பா.”

“எங்கம்மா இருக்க?”

“கோடு ஃபுல்லா இருக்குப்பா.”

“திரும்பு. வந்த வழியே திரும்பி ஓடு. நான் சொல்றதக் கேளு.”

“நல்லா கேக்குதுப்பா.”

அதே இழுப்பு. அதே இறக்கம். பின்னால் காற்றுச் சத்தம் இல்லை. செருப்புச் சத்தம் இல்லை. பேசுகிறவள் மூச்சு விடும் சத்தமும் இல்லை.

ஃபோனைக் காதோடு தோளில் இடுக்கிக்கொண்டு, அடிமூடியில்லாத லேப்டாப்பை அப்படியே அள்ளிக்கொண்டு கிளம்பினார். கதவைச் சாத்தவில்லை. முட்டி ஒவ்வோர் அடிக்கும் உள்ளே ஆணி அடித்தது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டித் தட்டி நடந்தார். நடந்தாரா ஓடினாரா என்று அவருக்கே தெரியாது. எட்டு. தையற்கடை பூட்டியிருந்தது. ஏழு. தெருவில் ஓர் ஆள் இல்லை. எல்லா வீட்டு ஜன்னலும் சாத்தியிருந்தது. ஐந்து. வாயில் பித்தளைக் காசை வைத்த மாதிரி ஒரு ருசி. கை ரோமம் நட்டுக்கொண்டு நின்றது. நான்கு. காதில் குரல் விடவில்லை.

“நல்லா கேக்குதுப்பா. நல்லா கேக்குதுப்பா.”

மூன்று.

குடோன் சுவர் தொடங்கியது. அந்த நீளச் சாலையில் ஒரே ஒரு தெருவிளக்குதான் எரிந்தது, கடைக்கோடியில்.

ஒன்று.

மகள் நின்றிருந்தாள். சாலை நடுவில், விளக்குக்கு இந்தப் பக்கம், இருபது முப்பது அடி தள்ளி. அவளுடைய பை, அவளுடைய செருப்பு, காலையில் போட்டுக்கொண்டு போன நீலச் சுடிதார். சந்தேகமே இல்லை, அவள்தான். ஃபோன் பிடித்த கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. முகம் வானத்தைப் பார்த்து அண்ணாந்திருந்தது. வாய் இறுக மூடியிருந்தது.

“இப்ப இன்னும் நல்லா கேக்குதுப்பா” என்றது அவர் காதில் அவள் குரல்.

மெக்கானிக் ஃபோனைக் கீழே போட்டார். தரையில் கிடந்தும் அது பேசியது.

“அம்மாடி” என்று கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார்.

அவள் தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் திருப்பினாள். கன்னம் நனைந்து விளக்கில் மின்னியது. அவரைப் பார்த்து, மிக மெதுவாக, தெரிந்தும் தெரியாமலும், தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். வராதீங்க.

தரையில் ஃபோன் சொன்னது: “கிட்ட வா.”

மகள் அவரை ஒருநாளும் வா என்று சொன்னதில்லை.

அவர் நின்றார். அப்போதுதான் சாலையைப் பார்த்தார். விளக்கு அவளுடைய நிழலை அவரை நோக்கி நீட்டிப் போட்டிருந்தது. அந்த நிழலைச் சுற்றி இன்னொரு நிழல் இருந்தது. குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி பின்னிய டவர் மாதிரி, உயரமாக, அகலமாக. அவள் தலைக்குமேல் வெறும் வானம்தான். நிழலுக்குச் சொந்தமான பொருள் எங்கும் இல்லை. ஆனால் நிழல் இருந்தது. நான்கு கால்கள். அவள் நான்குக்கும் நடுவில்.

சும்மா நிற்கிற நிழல் இல்லை. மூச்சு வாங்குகிற மாட்டின் விலா மாதிரி மெல்ல ஏறி இறங்கியது.

திரையைப் பார்த்தார். ஒன்றுதான். இன்னும் ஒன்று. இப்போது திரும்பி நடந்தால் இரண்டாகும். மூன்றாகும். வீட்டில் கதவு திறந்தே கிடக்கிறது.

லேப்டாப்பைச் சாலையோரத்தில் வைத்தார். முட்டியைக் கையால் தாங்கிக்கொண்டு மகளை நோக்கி நடந்தார். அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். அவர் நிற்கவில்லை. கம்பி நிழலின் விளிம்பைத் தாண்டிக் கால் வைத்தார். தரை அங்கே சூடாக இருந்தது. இன்னும் பத்தடி. ஆறடி. அவள் விரலைப் பிடித்தார். விரல் சில்லென்று இருந்தது. ஸ்பிரிட் வாடை அடித்தது.

“வா போலாம்” என்றார்.

சாலையோரத்தில் லேப்டாப் ஒரு வரி எழுதியது. அங்கிருந்து எண் தெரியவில்லை.

முன்னால் கிடந்த நிழலின் நான்கு கால்களில் ஒன்று, அவசரமில்லாமல், தரையைவிட்டு எழுந்தது. அவர்கள் இருவரையும் தாண்டிப் போய், அவர் வந்த வழியில், முதுகுக்குப் பின்னால் ஊன்றியது.