பூட்டிய அறைக்குள் ஒரு கேள்வி

அப்டேட் போய்விட்டிருந்தது. போயிருக்கவே கூடாது.

காலையில் பையை நாற்காலியில் மாட்டிவிட்டு ஒரு வாய் காபி குடிப்பதற்குள் அவள் அதைப் பார்த்துவிட்டாள். முந்தின நாள் மாலை ஆறரைக்கு வழக்கம்போல ஸ்கிரிப்ட் என்கிற குட்டி நிரல் ஓடியிருக்கிறது, பாஸ்வேர்டு கேட்டிருக்கிறது, சரியான பாஸ்வேர்டு கிடைத்திருக்கிறது, எல்லா ஆஸ்பத்திரி பம்புகளுக்கும் அப்டேட்டை அனுப்பிவிட்டு ஓய்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் அவள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

நோயாளிகளுக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்புகளுக்கு மென்பொருள் எழுதுகிற ஆபீஸ் அது. அப்டேட் அனுப்ப மனுஷர் தேவையில்லை. ஸ்கிரிப்ட் தானாக எழுந்து, தானாக அனுப்பி, தானாகப் படுத்துக்கொள்ளும். போன மாதம் சோதனை முடியாத ஒன்றையும் அப்படியே அனுப்பித் தொலைத்தது. எங்கோ ஒரு வார்டில் மருந்து மளமளவென்று இறங்க, பக்கத்தில் இருந்த நர்ஸ் குழாயைப் பிடுங்கியதால் ஓர் உயிர் தப்பியது.

“இனிமே ஒரு ஆள் பாஸ்வேர்டு போடாம எதுவும் வெளிய போகக் கூடாது” என்றார் மேலாளர். அவர் சொல்லாவிட்டாலும் அவள் செய்திருப்பாள். ஆபரேஷன் முடிந்த அவளுடைய அக்கா அதே மாதிரி ஒரு பம்பை நம்பித்தான் படுத்திருந்தாள்.

ஸ்கிரிப்டில் நாலு வரி சேர்க்கிற வேலை. ‘பாஸ்வேர்டு’ என்று மொட்டையாகக் கேட்க மனசு வராமல் விளையாட்டாக எழுதினாள்: ‘யாராவது இருக்கீங்களா? பாஸ்வேர்டு கொடுங்க.’

பதில் எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்த்தபோதுதான் தன் அசட்டுத்தனம் புரிந்தது. தன் திரையில் வர வேண்டிய கேள்வியை, சர்வர் அறைக்குள் இருக்கும் திரையில் வரும்படி எழுதிவிட்டிருந்தாள். ஜன்னல் இல்லாத, யாரும் உட்காராத, பூட்டிய அறை அது. கேள்வி அங்கே கேட்பாரற்று விடிய விடிய நின்றிருக்க வேண்டும். யாரோ உள்ளே இருந்து பதில் தட்டியிருக்கிறார்கள்.

அந்த அறையைத் திறக்கும் இன்னொரு கார்டு பக்கத்து மேஜை சோடாபுட்டியிடம் இருந்தது.

“நேத்து சாயங்காலம் சர்வர் ரூமுக்குப் போனியா?”

“அந்தக் குளிர்ல எனக்கென்ன வேலை? ஏன், என்னாச்சு?”

“சும்மாதான் கேட்டேன்.”

“சும்மா கேக்கற மூஞ்சியா இது?”

அவன் சிரித்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதற்குமுன் அவன் அப்படிச் சிரித்திருக்கிறானா என்று யோசித்துப் பார்த்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்து, கேள்வியை அதே அறையிலேயே விட்டுவைத்தாள். அனுப்புவதற்கு ஒன்றுமில்லாத ஒரு ஃபைலை வைத்தாள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினாள். அதையும் கம்ப்யூட்டரையே உருவாக்கச் சொல்லி, தானும் பார்க்கவில்லை. இப்போது அது உலகத்தில் யாருக்கும் தெரியாது.

மாலை ஆறரைக்கு அவள் சர்வர் அறை வாசலில் லேப்டாப்போடு நின்றாள். சோடாபுட்டியைப் பேச்சுக்கொடுத்து இழுத்து வந்து பக்கத்திலேயே நிறுத்தியிருந்தாள். அவனுடைய இரண்டு கைகளும் டீ கப்பைப் பிடித்திருந்தன. ஆட்கள் கிளம்பிய கூடத்தில் விளக்குகள் ஒவ்வொரு வரிசையாக அணைந்துகொண்டு வந்தன, துடைத்த தரையிலிருந்து ஈர பினாயில் வாடை வந்தது, கதவுக்கு அந்தப் பக்கம் மெஷின்களின் இரைச்சல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து வேறொரு சத்தம் வந்தது.

டக்.

பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி, டக். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி அழுத்துகிற மாதிரி.

“உள்ள யாரு?” என்றான் சோடாபுட்டி. அவன் முகம் வெளுத்துவிட்டது. அவனைச் சந்தேகப்பட்டதற்கு அவள் வெட்கப்பட்டாள். வெட்கத்தைவிட அதிகமாகப் பயந்தாள்.

லேப்டாப்பில் வரி மாறியது. பாஸ்வேர்டு சரி.

கார்டைத் தேய்த்துக் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. குளிர் இருந்தது, நீலத் திரை இருந்தது, கீபோர்டு இருந்தது. அதன்மேல் பல மாதத் தூசி ஒரு விரல் தடம்கூட இல்லாமல் படிந்திருந்தது. திரைக்கு முன்னால், உட்கார்ந்தால் முகம் வருகிற உயரத்தில் மட்டும், தூங்கி எழுந்த வாயின் மூச்சு வாடை நின்றது.

அவள் கீபோர்டின் வயரைப் பிடுங்கினாள். கேள்வியை அழித்தாள். ஸ்கிரிப்டையே நிறுத்தினாள். மேலாளர் கத்தினால் கத்தட்டும், இனி எல்லாவற்றையும் கையாலேயே அனுப்பிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மாலை அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்தபோதுதான் மூச்சு சீரானது. அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு கைகளையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, குழாயில் மருந்து சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு. நிதானமாக இன்னொரு சொட்டு. பம்பின் வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் நர்ஸ் ரகசிய எண்ணைத் தட்ட வேண்டும். அந்த ஏற்பாடு எப்போதும் இருந்தது, அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே இருட்டியது.

முதலில் வாடை வந்தது. தூங்கி எழுந்த வாயின் மூச்சு. அக்காவுடையது இல்லை. அது கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

பம்பின் சின்னத் திரை தானாக வெளிச்சமானது.

‘யாராவது இருக்கீங்களா?’

டக். ரகசிய எண்ணின் இடத்தில் ஒரு நட்சத்திரம்.

“நர்ஸ்!” என்று கத்தினாள். யாரும் வரவில்லை.

டக். இன்னொரு நட்சத்திரம்.

குழாயைப் பிடுங்கக் கையை எடுத்தாள். அக்காவின் விரல்கள் அவள் கையை இறுக்கிக்கொண்டன. அக்கா விழித்திருந்தாள். அவளைப் பார்க்கவில்லை. பம்புக்குப் பக்கத்தில், ஒருவர் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவங்க யாருடி?” என்றாள் அக்கா, பயந்த குரலில். “நீதான் கூப்பிட்டேன்னு சொல்றாங்க.”

டக்.

எண் சரி.

வேகம் கூட்டும் பொத்தான் உள்ளே அமுங்கியது. அமுங்கியபடியே நின்றது. குழாயில் சொட்டு இல்லை. மருந்து நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.