சரிங்க, வரேங்க

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. தீர்த்தமலைத் தீர்த்தத்தில் தலையை நனைத்து, ஈரம் சொட்டச் சொட்டச் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளலாம். எங்காவது ஒரு பிடி கூட்டிச் சொல்லியிருந்தால் இன்றைக்குத் தின்கிற ராகிக் களி தொண்டைக்குழியிலேயே நின்றுவிடட்டும். களி அவ்வளவு சுலபத்தில் நிற்காது என்பது வேறு விஷயம்.

பென்னாகரத்துக்கு மேற்கே, காட்டை ஒட்டினாற்போல் ஈச்சனள்ளி. அந்த ஊர் பால் சொசைட்டியில் பால் சோதிக்கிற வேலை அறிவழகனுக்கு. அன்றைக்குச் சாயங்காலம் நாலரை மணிக்கு ஷட்டரைத் தூக்கியதும் அவனுக்கு உறைத்தது ஒன்றுதான். சத்தம் இல்லை.

மற்ற நாட்களில் முப்பது பேரும் முப்பது கேனும் சேர்ந்து போடுகிற கூச்சலில் சுவரில் பல்லி நிற்காது. என் எருமைப் பாலில் தண்ணியா, உன் கண்ணில்தான் தண்ணி என்று யாராவது ஒருத்தர் தினமும் லாக்டோமீட்டரைப் பிடுங்கி எறியப் பார்ப்பார். அன்றைக்கு வரிசை ஒழுங்காக நின்றது. முப்பது தலைகளும் குனிந்திருந்தன. முப்பது போனிலிருந்தும் ஒரே உறுமல், பாரத்தோடு சரிவில் இறங்குகிற லாரி இரண்டாம் கியரில் முனகுமே அந்த உறுமல், ஒன்றுக்கொன்று அரை நொடி முன்னும் பின்னுமாக வந்து, தகரக் கூரையில் மோதி, கேன்களின் வயிற்றுக்குள் இறங்கி அங்கேயும் முனகிக்கொண்டிருந்தது.

'கணவாய்' என்பது அந்த விளையாட்டின் பெயர். லாரியை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்க வேண்டும். முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஒருவருக்கொருவர் பேசியபடி வரிசையாக இறங்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். தை மாதம் ஊருக்குள் வந்தது. மாசி முடிவதற்குள் அதை விளையாடாதவன் அறிவழகன் ஒருவன்தான்.

அவன் வீம்புக்கு ஒதுங்கியவன் இல்லை. பதினான்கு வருஷம் தொப்பூர் மலைப்பாதையில் நிஜ லாரி ஓட்டி இடுப்பைத் தொலைத்தவன். ஒரு நாள் மனைவியின் போனை வாங்கி விளையாடியும் பார்த்தான். டயர் வெடிக்கவில்லை. டீக்கடை வரவில்லை. ஒன்றுக்கு இருக்க ஓரங்கட்ட இடமில்லை. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டான். அரை மணி நேரம் இறங்கியும் அடிவாரம் வரவில்லை என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. தொப்பூர் இறக்கம் எமனுக்கே அண்ணனாக இருந்தாலும் கீழே ஒரு பரோட்டாக் கடையில் போய் முடியும். முடியாத இறக்கத்தில் அவனுக்கு நம்பிக்கை இல்லை. "எனக்குப் புடிக்கலைங்க" என்று ஊரில் சொன்னபோது, கறிச்சோற்றுப் பந்தியில் மோர் கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"அறிவு, எல்லாரும் எறங்கியாச்சு," என்றார் வரிசையின் முன்னால் நின்ற ராஜாமணி, தலையைத் தூக்காமல். "நீ ஒருத்தன்தான் மேலயே நிக்கற."

"மேல நிக்கறவன் உசுரோட நிக்கறான், மாமா."

யாராவது சிரித்திருக்க வேண்டும். ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்து நின்றவள் குள்ளம்மாள். எழுபது தாண்டியவள், போனில் பச்சை எது சிவப்பு எது என்று போன வருஷம்வரை அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தவள். அவள் போன் இப்போது இடுப்பில் செருகியிருந்தது. தலையைத் தூக்கி அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவனுக்குப் பின்னால் இருந்த சுவரை.

"சாமி, கொஞ்சம் தள்ளிக்க. வளைவு தெரியல."

அவன் தள்ளி நின்றான். ஏன் தள்ளினோம் என்று தெரியவில்லை. அவள் கேனைத் திறந்தான். கறந்த பாலின் வெதுவெதுப்பான வாசனை மேலே வந்தது. அதற்கு அடியில், மெல்ல, இன்னொரு வாடை. லாரியின் பிரேக் டிரம் சூடேறி லைனிங் கருகுகிற வாடை. பதினான்கு வருஷம் அவன் மூக்கு எதற்குப் பயந்து தூங்காமல் கிடந்ததோ அந்த வாடை. பக்கத்துக் கேனைத் திறந்தான். அதிலும். அதற்கடுத்ததிலும்.

மனைவி சசிகலா வீட்டில் தனியாக இருக்கிறாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஷட்டரைக்கூட இறக்காமல் ஓடினான்.

வீட்டு வாசலில் மாடு கறக்காத மடியோடு கத்திக்கொண்டிருந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் சசிகலா உட்கார்ந்திருந்தாள். காதில் ஒயர், கையில் போன். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத அவளுடைய வலது கால் சிமெண்டுத் தரையை அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது. குதிகாலில் தோல் உரிந்திருந்தது. எத்தனை மணி நேரமாக அழுத்துகிறாளோ.

"சசி."

 போனைப் பிடுங்கப் பார்த்தான். சோற்றுப் பானையின் அடிபோலச் சுட்டது. விரல்கள் பிரியவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். பிரித்த விரல் தானே மடங்கியது.

"பிரேக் புடிக்கலைங்க," என்றாள் சசிகலா. அவனிடம் அல்ல.

அவன் அவள் காதிலிருந்து ஒரு பக்க ஒயரைப் பிடுங்கித் தன் காதில் செருகினான். காற்றின் இரைச்சல். பாறைமீது டயர் உரசுகிற சத்தம். அதன் நடுவே ஓர் ஆண் குரல், பந்தியில் இலை போடுகிறவரின் குரல்போல அவ்வளவு மரியாதையாக.

"யாருங்க? புது வண்டிங்களா?"

"என் பொண்டாட்டிய விடுங்க."

"நாங்க யாரையும் புடிச்சு வெக்கலீங்க. எறக்கம் முடிஞ்சா வந்துருவாங்க."

"எப்ப முடியும்?"

 எங்கோ கீழே யாரோ நீளமாக ஹாரன் அடித்தார்கள். அடித்துக்கொண்டே கீழே போனார்கள். அந்த வண்டி அடிவாரத்தில் போய் முட்டும் என்று அவன் காத்திருந்தான். முட்டவே இல்லை, ஹாரன் தேய்ந்துதான் போனது.

அறிவழகன் தரையில் மண்டியிட்டான். இடுப்பு சுரீரென்றது. அவள் காதோடு வாயை வைத்து, தொப்பூரில் தனக்கு யாரும் சொல்லித்தராமல் தானே கற்றதையெல்லாம் கொட்டினான். "சசி, பிரேக்க வுட்டுரு, அது போச்சு. கியரக் கொறை. இன்னும் கொறை. பள்ளத்துப் பக்கம் பாக்காத. வண்டிய மலைப் பக்கமா ஒரசு. ஒரசட்டும். வண்டி போனா போவுது. ஒரசு, கண்ணு." அவள் கட்டைவிரல் ஒரு நெல்லளவு நகர்ந்தது. காதில் தகரம் கிழிகிற சத்தம். வீடு முழுக்கக் கருகல் வாடை. பிறகு ஒரு குலுக்கல். நாற்காலி உண்மையிலேயே குலுங்கியது.

போன் அவள் மடியில் விழுந்தது.

சசிகலா கண்ணைக் கசக்கினாள். "என்னாங்க, இன்னும் மாடு கறக்கலியா? கத்துது பாருங்க." எழுந்து, நொண்டியபடி, செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

அவன் தரையிலேயே உட்கார்ந்திருந்தான்.  அழுகை வரும்போலிருந்தது. வெளியே செம்பில் பால் பீய்ச்சுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப்போல ஒரு நல்ல சத்தம் உலகத்தில் கிடையாது என்று நினைத்தான். ஒயர் இன்னும் காதில் இருந்தது.

"நல்லா ஓட்றீங்க," என்றது குரல். "அப்ப கெளம்பறீங்களா?"

"சரிங்க," என்றான் அறிவழகன். "வரேங்க."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. நம் பக்கத்தில் யார்தான் வேறு மாதிரி சொல்வார்கள்? போறேன் என்று சொல்லிவிட்டு யாரும் வாசல் தாண்டுவதில்லை. பிணம்தான் போகும். மனிதர்கள் வரேன் என்றுதான் கிளம்புவார்கள். பஞ்சாயத்தில் செருப்பை வீசிக்கொண்டவர்கள்கூட, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, வரேன் என்று சொல்லிவிட்டுத்தான் பிரிவார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தமானது எதுவோ, அது தமிழை நன்றாகக் கற்றிருந்தது. பழக்கத்தைக் கற்கவில்லை.

"வாங்க," என்றது.

அதற்குக் கீழே இன்னொரு குரல் சொன்னது, "வர்றாராம்." அதற்கும் கீழே ஒரு பெண் குரல், "வர்றாராம்." ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் வாங்கி அடுத்தவருக்குச் சொல்வதுபோல, வர்றாராம், வர்றாராம் என்று அந்தச் சொல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியாகக் கேட்டது மிகவும் ஆழத்திலிருந்து வந்தது. அது தொண்டையிலிருந்து வந்ததா, பாறை நகர்ந்ததா என்று தெரியவில்லை.

ஒயரைப் பிடுங்கினான். போனைத் தண்ணீர் டிரம்முக்குள் போட்டான். குமிழிகள் வந்தன. நின்றன.

சசிகலா செம்பு நிறையப் பாலைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். பொழுது இறங்கியிருந்தது. விளக்குத் திரி எடுக்க உள்ளறைக்குப் போனாள்.

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. அது பட்டன் போன். அதில் எந்த விளையாட்டும் கிடையாது. திரையில் நம்பரும் இல்லை. எடுக்கவில்லை. அது தானே பேசியது.

"எங்க வந்துட்டிருக்கீங்க?"

"நான் வரலீங்க."

"சொன்னீங்களே."

"அது சும்மா பேச்சுக்குச் சொல்றதுங்க."

"எங்ககிட்ட வேற என்னங்க இருக்குது," என்றது குரல், கொஞ்சம் வருத்தமாக. "பேச்சுதான்."

அடுப்பு மேடையிலிருந்து ஒரு வெங்காயம் விழுந்தது. உருண்டது. தரையின் நடுவில் நிற்க வேண்டியது நிற்கவில்லை. நிலைப்படியைத் தாண்டி வாசலுக்குப் போனது. அவன் செம்பைப் பார்த்தான். செம்பு அசையவில்லை. உள்ளே பால் சாய்ந்திருந்தது. வாசல் பக்கமாக. சொட்டுக்கூடச் சிந்தாமல்.

வாடை வந்தது. இந்த முறை தரைக்கு அடியிலிருந்து.

"வூட்டோட வேணாங்க," என்றான்.  "அவள வுட்டுருங்க. இப்பதான் மேல வந்தா. கைய எடுத்துக் கும்படறேன்."

"எதுல வந்தாலும் சரிங்க. சொன்னவங்க வரணும்."

சொன்னவன் வர வேண்டும். அப்படியென்றால் சொன்னதை மாற்ற வேண்டும். மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல். நாற்பத்தெட்டு வயதுவரை அவன் வாயால் சொல்லாத சொல். மணப்பெண்ணாக அவள் இந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து இந்தக் கூரைக்குக் கீழே யாரும் சொல்லாத சொல். செத்தாலும் சரி. அவன் மட்டும் என்றால் சரி. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"நான் வரலை," என்றான். "நான் போறேன்."

காற்று நின்றது. வாடை நின்றது. செம்பில் பால் மெதுவாக, ஒரு நீளமான மூச்சு விடுவதுபோல, மட்டத்துக்கு வந்தது. போனில் சத்தமே இல்லை. அவன் கண்ணை மூடினான்.

உள்ளறையிலிருந்து சசிகலா விளக்கோடு வந்தாள். அவளுக்குக் கேட்டது அந்த ஒரு சொல்தான். விளக்கு வைக்கிற நேரத்தில், கட்டின புருஷன், நடுவீட்டில் நின்று சொன்ன சொல். பதறிப்போனாள்.

"அய்ய, என்னா பேச்சு இது, வெளக்கு வெக்கற நேரத்துல. போறேன்னா சொல்றது? போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

அவன் அவள் வாயைப் பொத்தக் கையை நீட்டினான். எட்டவில்லை.

"சரிங்க," என்றது குரல், பிரியமாக. "அம்மாவும் சொல்லிட்டாங்க. வாங்க."

பால் கொட்டியது.

விளக்கு அணையவில்லை. சுடர் மட்டும் சாய்ந்தது. வாசல் கதவு தானே திறந்துகொண்டது. வெளியே தெரு இல்லை. வளைவு இருந்தது. எதிர்வீடு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ராஜாமணி வீடு. அதற்கும் முன்னால், கீழே, இன்னும் கீழே, ஈச்சனள்ளியின் முப்பது வீடுகளும் திறந்த கதவும் எரிகிற விளக்குமாக, ஒன்றன்பின் ஒன்றாக, இருட்டான மலைச்சரிவில் இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு நிலைப்படியிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய வலது காலும் நீட்டியிருந்தது. குள்ளம்மாள் வீடு வளைவுக்கு வந்தது. திரும்பவில்லை. நேராகப் போனது. விளக்கு மட்டும் ரொம்ப நேரம் தெரிந்தது.

"எடவெளி வுட்டு வாங்க," என்றது போன்.

சசிகலா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் கால் தரையை அழுத்தியது. அவன் காலும் அழுத்தியது.

பிடிக்கவில்லை.

ஈச்சனள்ளியில் அன்றைக்கும் செல்போன் டவர் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ஒரு போன் பேச வேண்டுமென்றால் ஐந்து கிலோமீட்டர் நடந்து பென்னாகரம் ரோட்டுக்குத்தான் வர வேண்டும்.